நாற்பத்து மூன்று வாக்கியங்கள்

ஞானவேல் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். முந்தின நாள் பிடித்து வைத்த பக்கெட் தண்ணீரில் முகம் கழுவினான். பால் வரவில்லை. வெறும் டீத்தூளைக் கொதிக்கவிட்டுச் சர்க்கரை போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ராத்திரி சார்ஜில் போட மறந்த செல்போனில் பதினொரு சதவீதம் இருந்தது. புயல் விடிவதற்கு முன்பே கரையைக் கடந்துவிட்டது என்றார்கள். காற்றுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய், மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த காவல் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

“வணக்கம்,” என்றது அவன் மனைவியின் குரல். “புயல்காலக் காலைப் பரிசோதனை. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே இருக்கிறதா?”

“இருக்கு.”

“ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிறதா?”

“இருக்கு.”

“அளந்தீர்களா?”

“நேத்து அளந்தேன். அங்கயேதான் இருக்கு.”

“புயலில் பொருள்கள் நகரக்கூடும். தயவுசெய்து அளந்துவிட்டு வாருங்கள்.”

அவன் பெட்டியையே சற்று நேரம் பார்த்தான். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். முழங்கால் வரை தண்ணீர். வாசலுக்கு இடப்பக்கம், ஹாலோ பிளாக் கற்களை அடுக்கிக் கட்டிய மேடைமேல், தகரக் கூரைக்கு அடியில் ஜெனரேட்டர் நேற்று இருந்தபடியே இருந்தது. இருபத்திரண்டு அடி. திரும்பி வந்து சொன்னான்.

“நன்றி,” என்றது பெட்டி. “படுக்கையறை ஜன்னல் மூடியிருக்கிறதா?”

மங்கையர்க்கரசி செத்து இரண்டு வருடம் ஆகிறது. மின் துறையில் உதவிப் பொறியாளர். போன பெரும்புயலில், இதே தெருமுனையில், பால் பூத்துக்கு எதிரே அறுந்து கிடந்த கம்பியை ஓரமாக எடுத்துப் போடக் குனிந்தாள். டிரான்ஸ்ஃபார்மரை அவளே நிறுத்திவிட்டு வந்திருந்தாள். கம்பியில் மின்சாரம் இருக்க வழியே இல்லை. ஆனால் இருந்தது. ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர், மெயினை இறக்காமல் ஓட்டியதால், வீட்டுக்குள் நிற்க வேண்டிய மின்சாரத்தைத் தெருவுக்குத் தள்ளியிருந்தது. அன்றைக்குத் தெருவில் ஏழு ஜெனரேட்டர்கள் ஓடின. எது என்று விசாரணையில் கடைசிவரை தெரியவில்லை. ஏழு வீட்டுக்காரர்களும் மெயினை இறக்கியிருந்ததாகவே எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் யாரானாலும் காவல் பெட்டி பொருத்த வேண்டும். பெட்டி சம்மதிக்காமல் இன்ஜின் உயிர் பெறாது. பெட்டி பேசும், கேட்கும், பதிலுக்குப் பதில் சொல்லும். குரல்தான் பிரச்சினையாக இருந்தது. மொட்டையான இயந்திரக் குரலை யாரும் மதிக்கவில்லை. அப்போது யாருக்கோ ஞாபகம் வந்தது: மங்கையர்க்கரசி சாவதற்கு முந்தின மாதம், புயல் எச்சரிக்கை அறிவிப்புகளுக்காக நாற்பத்து மூன்று வாக்கியங்களைப் பேசிப் பதிவுசெய்திருந்தாள். தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று கட்டிலில் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, போன் வெளிச்சத்தில் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். நடுவில் இரண்டு முறை சிரித்துவிட்டாள். அந்த நாற்பத்து மூன்றை வைத்துக்கொண்டு அவள் குரலில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காகிதத்தோடு வந்தார்கள். ஞானவேல் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

இப்போது கடலூரிலிருந்து நாகப்பட்டினம்வரை, மழை என்றால் ஆயிரக்கணக்கான மாடிப்படிகளுக்குக் கீழிருந்து அவள் கேள்வி கேட்கிறாள். பிள்ளைகள் விளையாட்டில் அவளைப் போலப் பேசிக் காட்டுகிறார்கள். அவன் குடியிருக்கும் நான்காம் குறுக்குத் தெருவுக்கு மங்கையர்க்கரசி தெரு என்று பெயர் வைத்தாகிவிட்டது. மழைக்காலத்தில் டீக்கடையில் ஆண்கள் அவனைப் பார்த்து, “சார், உங்க வீட்டம்மா நேத்து ராத்திரி என்னைய நாலு தடவ அளக்க வச்சிட்டாங்க” என்பார்கள். தப்பாகச் சொல்வதில்லை. சலிப்பில் சொல்வார்கள். அவனும், “எனக்கு ஆறு தடவ” என்பான்.

மேலே கதவு திறந்தது. மாடி வீட்டு நூர்ஜகான் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் கணவர் காதருக்கு அரிசி ஆலைத் தூசியில் இருபது வருடத்தில் நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷினை ஒட்டிப் படுத்திருப்பார். ஞானவேலின் ஜெனரேட்டர்தான் மாடிக்கும்.

“என்ன தம்பி, மேடம் இன்னும் உத்தரவு குடுக்கலையா? மெஷின்ல பேட்டரி ஒரு மணி நேரம்னு காட்டுது.”

“கேட்டுக்கிட்டு இருக்குக்கா.”

“நேத்து ராத்திரி ஓடிச்சில்ல? மறுபடி என்ன கேள்வி?”

“பெட்ரோல் ஊத்த நிறுத்துனேன். நிறுத்துனா முதல்லேர்ந்து கேக்கும்.”

“உயிரோட இருந்தப்ப அந்தப் புள்ள இவ்ளோ பேசி நான் பாத்ததில்ல.” அவள் பெட்டிமுன் குனிந்தாள். “ஏம்மா மங்கை, அண்ணனுக்கு மூச்சு வாங்குதும்மா. சீக்கிரம் ஆவட்டும்.”

“தாமதத்திற்கு வருந்துகிறேன்,” என்றது பெட்டி. “மெயின் சுவிட்சை இறக்கிவிட்டீர்களா?”

“எறக்கிட்டேன்,” என்றான் ஞானவேல்.

“நன்றி. நானே சரிபார்க்கிறேன்.”

பத்து விநாடி. வழக்கமாக இந்தப் பத்தாவது விநாடியில் வாசல்பக்கம் இன்ஜின் இருமிவிட்டுக் கிளம்பும். கிளம்பவில்லை. பெட்டியின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

“கவனிக்கவும். உங்கள் மெயின் இறங்கியிருக்கிறது. ஆனால் தெருக்கம்பியில் மின்சாரம் இருக்கிறது. துறை விநியோகம் நிறுத்தப்பட்டுள்ளது. இந்தத் தெருவில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே வருகிறது. அது நின்று, அந்த வீட்டு மெயினும் இறங்கும்வரை தெருவின் எல்லா ஜெனரேட்டர்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஊழியர்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள். முனையில் அறுந்த கம்பி கிடக்கலாம். அங்கே தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம்.”

அதே நேரம் தெரு முழுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக, அதே குரல் அதையே சொல்வது மழைக்கு நடுவே கேட்டது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

“அப்படின்னா?” என்றாள் நூர்ஜகான்.

“எவனோ பழைய ஜெனரேட்டர் வச்சிருக்கான். பெட்டியில மாட்டாம, நேரா சுவத்து சாக்கெட்டுல சொருகி வீட்டுக்குள்ள கரண்ட் விட்டுருக்கான். மெயினையும் எறக்கல. அது தெருவுக்கு வந்துடுச்சு.”

“ஒருத்தன் பண்றதுக்குப் பதினாறு வீடும் மூச்சு முட்டணுமா? எந்த ஊரு நியாயம் இது?”

“யாருன்னு தெரியலன்னா எல்லாரையும் நிறுத்து. அதான் சட்டம்.”

“ஒரு சின்ன ஜெனரேட்டரு தெருவையே தாங்குமா தம்பி?”

“மத்தவங்கள்லாம் யோக்கியமா மெயின எறக்கிட்டா தாங்கும். சொமையே இல்லியே. கம்பி பாட்டுக்கு உயிரோட நிக்கும்.”

நூர்ஜகான் ஒரு கணம் யோசித்தாள். “அப்ப நம்ம மெயினத் தூக்கி வுடு. அவன் கரண்டையே நாம எடுத்துக்குவோம்.”

“பெட்டி பூட்டிடுச்சுக்கா. தூக்க வராது.”

“அப்ப பெட்டியப் பேத்துப் போடு. நீ காலேஜ்ல இதத்தானே பாடம் எடுக்குற?”

“பூட்டு இன்ஜினுக்குள்ளயும் இருக்கு. கழட்ட அரை நாளாகும்.”

அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். ஆம்புலன்ஸுக்கு அவன் போன் செய்தான். மெயின் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், படகு வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். செல்போனில் ஒன்பது சதவீதம்.

வெளியே சத்தம் ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு மொட்டைமாடியிலிருந்தும் ஒவ்வொரு குரல்.

“எவன்டா அது?”

“உன் வீட்டு லைட்டு நேத்து பூரா எரிஞ்சுதே!”

“அது சோலார் லைட்டுய்யா, கண்ணு தெரியலயா?”

எல்லாவற்றுக்கும் மேலே தண்டபாணியின் குரல் கேட்டது. நலச்சங்கச் செயலாளர். தெருவுக்குப் பெயர் வைக்க மனு எழுதியவர் அவர்தான். முதல் வருட நினைவு நாளில் மங்கையின் படத்துக்கு மாலை போட்டு, மைக்கில் அழுதவரும் அவர்தான். “இந்தத் தெருவுலயே, அந்தப் பொண்ணு செத்த தெருவுலயே இப்படி ஒருத்தன் பண்றான்னா அவன் மனுசனே இல்ல!” என்று பால்கனியில் நின்று கத்தினார். எதிர்வரிசையில் மூன்றாவது வீடு.

“வாக்கா,” என்றான் ஞானவேல். “வீடு வீடா கேப்போம். முனைப்பக்கம் மட்டும் போவ வேணாம். அந்தக் கடைசி ரெண்டு வீட்டுக்குச் சத்தம் போட்டுக் கேட்டுக்கலாம்.”

முதல் வீட்டுக்காரர் டார்ச் அடித்து மெயினைக் காட்டினார். இறங்கியிருந்தது. இரண்டாவது வீட்டில், “எங்கள ஏன் சந்தேகப்படுறீங்க, எங்கள்ட்ட ஜெனரேட்டரே கெடையாதே” என்று கோபித்துக்கொண்டே காட்டினார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மகள் கையைத் தட்டிவிட்டு, “ஆஃப்லதான் இருக்கு அங்கிள், நான் பாத்தேன்” என்றாள். நான்கு, ஐந்து, ஆறு. எல்லோரும் இறக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரன்மேல் சந்தேகம். நூர்ஜகான் இடையிடையே தன் வீட்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள்: “என்னங்க, நல்லாருக்கீங்களா?” ஜன்னலில் ஒரு கை அசையும். அடுத்த வீடு. கடைசி இரண்டு வீட்டுக்காரர்களும் ஃபியூஸ் கேரியரையே பிடுங்கி மாடியிலிருந்து ஆட்டிக் காட்டினார்கள்.

முக்கால் மணி நேரம் போயிருந்தது. தண்டபாணி வீட்டை மரியாதைக்காகக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

கிரில் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. மீட்டர் பெட்டி கிரில்லுக்கு உள்ளே, சுவரில். அதற்கும் ஒரு பூட்டு. தண்டபாணி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து எட்டிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

“என்னய்யா, கண்டுபுடிச்சியா?”

“இல்ல சார். மெயினக் கொஞ்சம் காட்டுங்க. எல்லார் வீட்டுலயும் பாத்தாச்சு.”

“எம் வீட்டுலயா?” அவர் நூர்ஜகானைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். “எறக்கிட்டேன்ய்யா. ராத்திரியே எறக்கிட்டேன்.”

அந்தச் சொல் விழுந்த விதம் ஞானவேலுக்குத் தெரிந்திருந்தது. வேகமாக, கொஞ்சம் எரிச்சலோடு, கேட்டவன் மேலே கேட்க வெட்கப்படும்படியாக. கதவு இடுக்கிலிருந்து சூடான காற்று வந்தது. அதில் பெட்ரோல் புகை. உள்ளே எங்கேயோ, கனத்த போர்வைகளால் மூடி அமுக்கியதுபோல, ஒரு இன்ஜின் முனகிக்கொண்டிருந்தது. தண்டபாணியின் மனைவி இருமினாள். ஹாலில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதற்குக் கீழே, சமையலறையிலிருந்து வந்து சுவர் சாக்கெட்டில் முடியும் பச்சை ஒயர். பிளக் இருந்த இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. மூன்று சுற்று. கடைசிச் சுற்றின் நுனி உள்பக்கம் மடித்துவிடப்பட்டிருந்தது.

அப்படி மடிப்பது ஞானவேலின் பழக்கம்.

“சார், உள்ள ஜெனரேட்டர் ஓடுது. வீட்டுக்குள்ளயே. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு. அம்மா இருமுறாங்க. அந்தப் புகை ஆளத் தூங்க வச்சே கொன்னுடும்.”

“மெதுவா பேசு.” தண்டபாணி கிரில்வரை வந்தார். முகத்தில் பால்கனிக்காரர் இல்லை. “புது மெஷின் மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சுய்யா. ஃபிரிட்ஜ்ல இன்சுலின் இருக்கு. ரெண்டு மணி நேரம்தான். இப்ப நிறுத்திடறேன். நீ போ. யாருன்னு தெரியாமயே போவட்டும்.”

“நிறுத்துனா பத்தாது. மெயின் தூக்கியிருக்குன்னா பெட்டி விடாது. எறக்கணும், சாவியக் குடுங்க.”

“எறக்குனா இந்தப் புது மீட்டர்ல பதிவாகும். எந்த வீடு எப்ப எறக்குச்சுன்னு மணிக்கணக்கோட தெரிஞ்சிடும். மூணு வருசம் ஜெயிலுய்யா. உனக்குப் புரியுதா?”

“மேல ஒரு மனுசன் சாவக் கெடக்குறாரு, உங்களுக்கு ஜெயிலா?” என்று நூர்ஜகான் கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். “தெருவையே கூப்புடுறேன் இரு.”

“கூப்புடு,” என்றார் தண்டபாணி. பயத்தில் அவர் குரல் உயர்ந்தது. “கூப்புட்டா நானும் சொல்லுவேன். இந்த ஒயரு யாரு செஞ்சு குடுத்தது? ரெண்டு பக்கமும் பிளக் வச்சு? நானா செஞ்சேன்? வாத்தியாரு செஞ்சு குடுத்தாரு. சொல்லுய்யா!”

மழை கொஞ்சம் வலுத்தது. தெருவில் சத்தம் ஓய்ந்து, ஆட்கள் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

“ஆமா,” என்றான் ஞானவேல். “நான்தான் செஞ்சேன். போன பெரும்புயலுக்கு முன்னாடி, ஒரே நாள்ல ரெண்டு செஞ்சேன். ஒண்ணு உங்களுக்கு.”

“அதத்தான் சொல்றேன்!”

“இன்னொண்ணு எனக்கு.”

தண்டபாணி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அவருக்கு அது எட்டியது. முகத்தில் அது ஏறுவதை ஞானவேல் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. யாரோ ஒருவர் கடினமான கணக்கொன்றைப் போட்டு முடிப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“அன்னிக்கு,” என்றார் தண்டபாணி மெல்ல, “நான் எறக்கியிருந்தேன்ய்யா. சத்தியமா. அன்னிக்கு நான்...”

“தெரியும் சார். ஆறு வீடும் எறக்கியிருந்தீங்க. நான்தான் எறக்கல.”

கிரில்லில் இருந்த நூர்ஜகானின் கை அசையாமல் நின்றது.

“மாடிப்படிக்குக் கீழ முழங்கால் தண்ணி,” என்றான் ஞானவேல். “நனையணுமேன்னு போவல. அவ்ளோதான். வேற காரணம் இல்ல. உங்களுக்கும் இப்ப அவ்ளோதான் இருக்கும். முனையில கம்பி கெடக்கு. பால்காரர் வர்ற நேரம். சாவியக் குடுங்க. பதிவானா ஆவட்டும், ஒயர் நான் செஞ்சதுன்னு நானே வந்து எழுதிக் குடுக்குறேன். ரெண்டையும் சேத்து எழுதிக் குடுக்குறேன்.”

தண்டபாணி உள்ளே போனார். முனகிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றது. ஜன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. சாவிக்கொத்தோடு திரும்பி வந்தார். சாவி துளையில் இறங்க மாட்டேன் என்றது. ஞானவேல் கிரில் வழியாகக் கையை விட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். மீட்டர் பெட்டி திறந்தது. மெயின் இறங்கியது.

தெருவில் சிவப்பு விளக்குகள் அணைந்திருக்கும். வீடு வீடாக அவள் கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பிப்பது கேட்டது.

திரும்பி வரும்போது நூர்ஜகான் இரண்டடி முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்தாள். எப்போதும் பேசிக்கொண்டே நடப்பவள். படியில் கால் வைத்ததும் நின்றாள். திரும்பவில்லை.

“அந்தப் புள்ளயக் குளிப்பாட்டுனது நான்,” என்றாள். “கையெல்லாம் கருகியிருந்துச்சு.”

“தெரியும்க்கா.”

“பேட்டரி இன்னும் பத்து நிமிசம் தாங்குனா பெருசு. முதல்ல அதப் போடு.” மேலே ஏறிப் போனாள். தம்பி என்று சொல்லவில்லை.

அவன் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

“வணக்கம். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே இருக்கிறதா?”

“இருக்கு.”

“ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கிறதா?”

“இருபத்திரண்டு. இப்பதான் அளந்தேன்.”

“புயலில் பொருள்கள் நகரக்கூடும். தயவுசெய்து அளந்துவிட்டு வாருங்கள்.”

பற்களைக் கடித்துக்கொண்டு மழையில் இறங்கினான். அளந்தான். இருபத்திரண்டு. வந்து சொன்னான். படுக்கையறை ஜன்னல், சமையலறை ஜன்னல், இன்ஜின் ஆறியிருக்கிறதா, பெட்ரோல் கேன் தள்ளி இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சுவரை ஓங்கி உதைக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

“மெயின் சுவிட்சை இறக்கிவிட்டீர்களா?”

“எறக்கிட்டேன்.”

“நன்றி. நானே சரிபார்க்கிறேன்.”

பத்து விநாடி. இன்ஜின் இருமியது, பிடித்துக்கொண்டது. மாடியில் கட்டையை விரலால் தட்டுவதுபோன்ற ஆக்சிஜன் மெஷினின் சத்தம் சீராக எழுந்தது. “வந்துடுச்சு, வந்துடுச்சுங்க” என்றாள் நூர்ஜகான், கணவரிடம்.

ஞானவேல் படிக்குக் கீழேயே, தண்ணீரில் நின்றான். நானே சரிபார்க்கிறேன் என்பது அந்த நாற்பத்து மூன்றில் இல்லை. அவனுக்கு நாற்பத்து மூன்றும் மனப்பாடம். அது எங்கேயோ ஏசி அறையில் யாரோ எழுதி, அவள் வாயில் வைத்தது. சரியான வாக்கியம்தான். அவள் ஒருநாளும் சொல்லாத வாக்கியம்.

அன்றைக்கு அவள் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். பால் பூத்திலிருந்து, மழைச் சத்தத்தில் கத்திப் பேசினாள். ஏங்க, மறுபடி கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க, மெயின எறக்கிட்டீங்கதானே, நான் கம்பியில கை வைக்கப்போறேன் என்றாள். அவன் கட்டிலில் படுத்திருந்தான். கால் காய்ந்திருந்தது. எத்தன தடவடி கேப்ப, எறக்கிட்டேன்னு சொல்றேன்ல என்றான்.

“அப்ப சரி,” என்றாள்.